பிழைத்தலும் பிழைப்பும்: மூளைக்கட்டியிலிருந்து மீண்டோரின் வாழ்வை மருத்துவம் அளக்கத் தொடங்கிய வரலாறு

மூளைக்கட்டிக்குச் சிகிச்சை பெற்று ஐந்தாண்டுகள் கடந்த ஒருவரைப் பற்றி மருத்துவக் கோப்பு பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் தருகிறது: கட்டி திரும்ப வளரவில்லை. குடும்பத்தாரின் கேள்விகள் வேறு. பையன் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர முடியுமா? நேற்றுப் படித்த பாடம் இன்று ஏன் நினைவில் இல்லை? வயதுக்கேற்ற வளர்ச்சி ஏன் நின்றுபோனது? பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? இக்கேள்விகளுக்குரிய இடம் மருத்துவக் கோப்பில் நெடுங்காலம் இருந்ததில்லை. அவ்விடம் உருவான வரலாறு ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதில் மும்பைக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு, சென்னைக்கும் உண்டு. மருத்துவ வரலாறாக மட்டும் அதை வாசித்தால் பாதிதான் விளங்கும். ஒருவரின் வாழ்வை அளக்க அவரிடம் கேள்வி கேட்க வேண்டும். கேள்வியை ஏதோ ஒரு மொழியில்தான் கேட்க முடியும். ஆகவே இது மொழியின் வரலாறும் ஆகும்.

1. மருத்துவர் இட்ட மதிப்பெண்

நோயாளியின் நிலையை எண்ணால் குறிக்கும் வழக்கத்துக்கு 1948-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வர். அமெரிக்க மருத்துவர் டேவிட் கர்னாஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும் நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, கட்டி சுருங்கியதா என்று மட்டும் பார்ப்பது போதாது என உணர்ந்தனர். 0 முதல் 100 வரையிலான ஓர் அளவுகோலை அவர்கள் வகுத்தனர். குறையேதுமின்றி இயல்பாக நடமாடுபவருக்கு 100, இறந்தவருக்கு 0. தம் வேலைகளைத் தாமே செய்து கொள்பவர், பிறர் உதவி தேவைப்படுபவர், படுக்கையில் கிடப்பவர் என்று இடைப்பட்ட படிகள் அமைந்தன. மூளைக்கட்டி மருத்துவத்தில் இந்த அளவுகோல் இன்றும் நாள்தோறும் பயன்படுகிறது.

அதன் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. மதிப்பெண் இடுபவர் மருத்துவர். நோயாளி வாய் திறக்க வேண்டியதில்லை. எனவே எந்த மொழி பேசுபவருக்கும் அது பொருந்தும். அதே காரணத்தால், நோயாளி மட்டுமே அறியக்கூடிய எதையும் அது பதிவு செய்வதில்லை. நடக்கிறார், உண்கிறார், உடுத்திக் கொள்கிறார் என்பதற்காக 90 மதிப்பெண் பெற்ற ஒருவருக்குச் சொல்ல நினைத்த சொல் நாவில் வராமல் போகலாம். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைக் கணக்கிட முடியாமல் போகலாம். கர்னாஃப்ஸ்கி அளவுகோலில் அவர் ஏறத்தாழ நலமானவர்.

2. முதலில் உயிர்

இந்தியாவில் மூளை அறுவை மருத்துவம் தனித்துறையாக வேரூன்றியதும் அதே காலத்தில்தான். 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். சாண்டி பயிற்சி பெற்றது மொன்றியலில், வைல்டர் பென்ஃபீல்டிடம். நோயாளியை விழித்திருக்கச் செய்து, அவரைப் பேசவைத்து, மூளையின் எப்பகுதியைத் தொட்டால் பேச்சு தடைபடுகிறது என்று குறித்துக் கொண்டே அறுவை செய்யும் முறைக்குப் பெயர் பெற்றவர் பென்ஃபீல்டு. நோயாளியின் மொழியைக் காப்பதும் அறுவை மருத்துவரின் கடமை என்ற எண்ணம் இத்துறையின் முன்னோரிடமே இருந்தது என்பதற்காக இது குறிப்பிடத்தக்கது.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28 அன்று பரேலில் திறக்கப்பட்டது. 1957-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஏற்றது. 1962-இல் அது அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு மாறியது. அணுசக்தியும் புற்றுநோயும் ஒரே கூரையின்கீழ் வந்ததற்குக் காரணம் கதிர்வீச்சு. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் உருவானது. இவற்றின் முதற்சில பத்தாண்டுகளில் கேள்வி ஒன்றே: உயிரைக் காப்பது எப்படி? வாழ்க்கைத்தரம் குறித்து அக்காலத்து மருத்துவர்கள் கவலைப்படவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது. மீண்டவர்கள் ஓரளவு எண்ணிக்கையில் இருந்தாலன்றி, மீண்ட பின்னான வாழ்வைப் பற்றிய ஆய்வு பிறக்க முடியாது.

மீண்டவர்கள் பெருகியபோதுதான் சிகிச்சையின் விலை கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தைகளின் சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா இதற்கு எடுத்துக்காட்டு. மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால் இக்குழந்தைகளில் ஒரு பகுதியினர் பிழைக்கிறார்கள் என்பதை மான்செஸ்டரைச் சேர்ந்த பேட்டர்சனும் ஃபாரும் 1953-இல் வெளியிட்டனர். பெரும் முன்னேற்றம் அது. பின்வந்த பத்தாண்டுகளில் அக்குழந்தைகள் வளர்ந்தனர். கதிர்வீச்சு பெற்ற வயது குறைவாக இருந்தால் நுண்ணறிவு ஈவின் சரிவு மிகுதியாக இருப்பதும், வளர்ச்சி இயக்குநீர்கள் குறைவதும், பள்ளியில் பின்தங்குவதும் ஒவ்வொன்றாகப் பதிவாயின. கற்றதை அவர்கள் இழந்துவிட்டார்கள் என்பது இச்சரிவின் பொருளன்று. ஒத்த வயதினர் புதிதாகக் கற்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஆண்டுதோறும் இடைவெளி விரிகிறது. சிகிச்சை முடிந்த மறுமாதம் சோதித்தால் எதுவும் தெரியாது. ஐந்தாண்டு, பத்தாண்டு காத்திருந்தால்தான் தெரியும்.

3. ‘மீண்டவர்’ என்னும் புதிய வகை

1985-இல் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர், தாம் புற்றுநோய்க்கு ஆட்பட்டு மீண்ட பட்டறிவைக் கொண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி, குணமானவர் என்ற இரு பெட்டிகள் போதா என்பது அவர் வாதம். நோய் கண்டறியப்பட்ட நாள்முதல் மூன்று பருவங்களை அவர் வகுத்தார்: சிகிச்சை நடக்கும் கடும்பருவம், சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ என்ற அச்சத்துடன் காத்திருக்கும் நீள்பருவம், அச்சம் தணிந்து, உடலிலும் வேலையிலும் சமூகத்திலும் நோயின் தடங்களோடு வாழும் நிலைப்பருவம். மறு ஆண்டே புற்றுநோயிலிருந்து மீண்டோருக்கான தேசியக் கூட்டமைப்பு அமெரிக்காவில் தோன்றியது. 2005-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம், சிகிச்சைக்கும் அதன்பின்னான வாழ்வுக்கும் இடைப்பட்ட வழியில் மீண்டவர்கள் கவனிப்பாரின்றித் தொலைந்துபோகிறார்கள் என்று விரிவான அறிக்கை வெளியிட்டது.

இவ்வறிக்கைக்கு 14 ஆண்டுகள் முன்பே, 1991-இல், பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையின் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு, சிகிச்சை முடித்தவர்களுக்கெனத் தனி மருத்துவமுகாம் ஒன்றைத் தொடங்கிவிட்டது. மருத்துவர் பூர்ணா குர்குரே அம்முயற்சியின் முன்னோடி. நோயின்றிச் சில ஆண்டுகள் கடந்த குழந்தைகள் ஆண்டுதோறும் வந்து, வளர்ச்சி, இதயம், இயக்குநீர், கல்வி, மனநிலை ஆகியவற்றைச் சோதித்துக் கொள்ளும் இடமாக அது அமைந்தது. மீண்டவர்களே நடத்தும் ‘உகம்’ என்ற குழு 2009-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் துணையோடு உருவானது. மேற்கில் பிறந்த கருத்து முப்பதாண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்னும் வழக்கமான கதை இங்குப் பொருந்தவில்லை. குறைந்த பணமும் மிகுந்த கூட்டமும் கொண்ட பரேலில், ஏறத்தாழ அதே காலத்தில், அதே கேள்வி எழுந்தது.

4. வினாத்தாளும் மொழிபெயர்ப்பும்

வாழ்க்கைத்தரத்தை நோயாளியின் வாயாலேயே கேட்டறியும் கருவிகள் 1990-களில் வடிவம் பெற்றன. இரண்டு முயற்சிகள் இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது உலகச் சுகாதார நிறுவனத்தினுடையது. ஆங்கிலத்தில் ஆக்கிய வினாத்தாளைப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கும் வழக்கத்தை 1991-இல் தொடங்கிய இத்திட்டம் மாற்றியது. உலகின் 15 மையங்களில் ஒரே காலத்தில் மக்களோடு உரையாடி, நல்வாழ்வு என்று அவர்கள் எதைக் கருதுகிறார்கள் என்று கேட்டு, அவ்விடைகளிலிருந்து வினாக்களை உருவாக்கினர். இந்தியாவிலிருந்து இரு மையங்கள் இடம்பெற்றன: புதுதில்லி, சென்னை. அதாவது, அவ்வினாத்தாள் பிறந்த தொட்டில்களில் தமிழும் ஒன்று. ஒருவர் வாழும் பண்பாடும் மதிப்பீடுகளும் சார்ந்த சூழலில், தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கருதி, தம் வாழ்நிலையை அவரே எவ்வாறு உணர்கிறார் என்பதே வாழ்க்கைத்தரம் என அத்திட்டம் வரையறுத்தது.

இரண்டாவது, புற்றுநோய்க்கான ஐரோப்பிய ஆய்வு அமைப்பினுடையது. 1993-இல் வெளியான சி30 என்னும் வினாத்தாளில் 30 வினாக்கள் உள்ளன: உடல், கடமை, உணர்வு, அறிவாற்றல், சமூகம் ஆகிய ஐந்து செயற்பாடுகள், சோர்வு, வலி, குமட்டல் முதலிய அறிகுறிகள், பணநெருக்கடி, இறுதியில் ஒட்டுமொத்த நலன். மூளைக்கட்டி நோயாளிகளுக்கெனத் தனியாகச் சேர்க்கப்பட்ட பிஎன்20 என்ற இணைப்பு 1996-இல் வெளியானது. எதிர்காலம் பற்றிய நிச்சயமின்மை, பார்வைக் குறை, இயக்கக் குறை, பேச்சுத் தொடர்பில் குறை என்னும் நான்கு தொகுதிகளும், தலைவலி, வலிப்பு, தூக்கக் கலக்கம், முடி உதிர்தல், தோல் அரிப்பு, கால் தளர்ச்சி, சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகிய ஏழு தனி வினாக்களும் அதில் அடங்கும். விடைகள் 0 முதல் 100 வரையிலான மதிப்புகளாக மாற்றப்படுகின்றன. கர்னாஃப்ஸ்கியின் நூறு மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை மதிப்பெண் இடுபவர் நோயாளி.

இவ்வினாத்தாளை மொழிபெயர்ப்பதற்குக் கறாரான நடைமுறை உண்டு. இருவர் தனித்தனியே பெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். அதை வேறு இருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்க வேண்டும். மூலத்தோடு ஒப்பிட்டபின், நோயாளிகள் சிலரிடம் ஒவ்வொரு வினாவையும் எவ்வாறு புரிந்து கொண்டார்கள் என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டாட்டா நினைவு மருத்துவமனையின் புத்ருக்கர், ஜலாலி ஆகியோரும் உடன்பணியாற்றியோரும் பிஎன்20 இணைப்பை இந்தியில் இவ்வாறு பெயர்த்துச் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்தின் உளவியல் புற்றுநோய்த் துறையினர் வேறு வழியில் சென்றிருந்தனர். பெயர்ப்பைத் தவிர்த்து, இந்தியச் சூழலிலிருந்து எழுந்த தனி வினாத்தாளை உருவாக்கி அதன் நம்பகத்தன்மையை நிறுவினர். பெயர்த்தால் பிற நாட்டு முடிவுகளோடு ஒப்பிடலாம். உள்ளூரில் ஆக்கினால் உள்ளூர் வாழ்வு வினாவுக்குள் வரும். இரண்டும் ஒருங்கே கிட்டுவதில்லை. இந்தியாவின் வாழ்க்கைத்தர ஆய்வுகள் அனைத்துக்கும் பின்னால் இந்தத் தேர்வு நிற்கிறது.

பெயர்த்த கருவியின் பயன் விரைவில் தெரிந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையின் அன்றாடப் புறநோயாளர் பிரிவிலேயே 250-க்கும் மேற்பட்ட வயதுவந்த மூளைக்கட்டி நோயாளிகளிடம் இவ்வினாக்களைக் கேட்டுப் பெற்ற முடிவுகள் 2009-இல் வெளியாயின. கல்வியிலும் வருவாயிலும் பின்தங்கியவர்களின் வாழ்க்கைத்தர மதிப்புகள் சிகிச்சை தொடங்கும் முன்பே தாழ்ந்திருந்தன. கட்டியின் தன்மை மட்டும் நோயாளியின் வாழ்வைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது எண்களில் கிடைத்த சான்று.

5. இருநூறு பேரும் பதினாறு ஆண்டுகளும்

இவ்வரலாற்றில் மும்பையின் பெரும் பங்களிப்பு ஓர் ஒப்பீட்டு ஆய்வு. தீங்கற்ற அல்லது மெதுவாக வளரும் மூளைக்கட்டி உள்ள குழந்தைகளும் இளைஞர்களும் பல்லாண்டுகள் வாழ்வார்கள். அவர்களுக்குக் கதிர்வீச்சு தேவைப்படும்போது, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல மூளைத் திசுவின் மீது விழும் கதிரைக் குறைத்தால் அறிவாற்றலும் இயக்குநீர்ச் சுரப்பும் காக்கப்படுமா? காக்கப்படும் என்று எல்லோரும் நம்பினர். துல்லியக் கருவிகள் அந்நம்பிக்கையின் பேரிலேயே உலகெங்கும் விற்கப்பட்டன. ஆனால் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு மிக அரிது. பணமுள்ள நாடுகளில் புதிய கருவி வந்துவிட்டால், பழைய முறைக்கு நோயாளியை ஒதுக்குவது அறமாகாது என்ற தயக்கம் எழும். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டிய மருத்துவமனைக்கோ, புதிய முறை உண்மையிலேயே பயன் தருமா என்று அறிவது அடிப்படைத் தேவை.

ராகேஷ் ஜலாலியின் தலைமையில் 2001 முதல் 2012 வரை 3 வயது முதல் 25 வயது வரையிலான 200 பேர் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் ஒரே அளவுக் கதிர்வீச்சு: 6 வாரங்களில் 30 தவணைகளாக 54 கிரே. ஒரு குழுவுக்கு வழக்கமான முறை. மற்றொன்றுக்குத் தலையை அசையாது நிறுத்தி, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைக் குவிக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை. பின்னர் ஐந்தாண்டுகள் நுண்ணறிவுச் சோதனைகளும் இயக்குநீர்ச் சோதனைகளும் குறித்த இடைவெளியில் தொடர்ந்தன. முடிவுகள் 2017-இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வெளியாயின. ஐந்தாண்டுக் காலத்தில் நுண்ணறிவு ஈவின் போக்கு துல்லியமுறைக் குழுவில் மேம்பட்டிருந்தது. புதிதாக இயக்குநீர்க் குறை தோன்றியோர் வழக்கமான முறையில் 51 விழுக்காடு. துல்லிய முறையில் 31 விழுக்காடு. உயிர்வாழும் காலத்தில் இரு குழுவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இறுதிச் செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். உயிரை மட்டும் எண்ணியிருந்தால் இரு முறைகளும் சமம் என்று ஆய்வு முடிந்திருக்கும். வாழ்வை அளந்ததால்தான் வேறுபாடு தெரிந்தது.

அதே குழுவினர் 28 நோயாளிகளைக் கொண்டு 2010-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு மொழியியலாருக்கு ஆர்வமூட்டுவது. இடப்பக்கப் பொட்டு மடலில் 13 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி 43.2 கிரேக்கு மேல் கதிர் பெற்றவர்களிடமே நுண்ணறிவு ஈவின் சரிவு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. பெரும்பாலோருக்கு மொழியும் சொல்நினைவும் சார்ந்திருப்பது அம்மடலை. எண்ணிக்கை சிறியது, எனினும் கதிர்வீச்சுத் திட்டமிடும் மருத்துவருக்கு ‘இவ்விடத்தில் குறை’ என்று சுட்டிக்காட்டும் அளவுக்கு அது தெளிவானது.

நீண்ட வாழ்வுள்ளவர்களின் கதை இது. கிளையோபிளாஸ்டோமா போன்ற கடுங்கட்டிகளில் நிலைமை வேறு. 2005-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்தபோது சராசரி வாழ்நாளின் இடைநிலை மதிப்பு 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. கூடியது இரண்டரை மாதம். அக்கூடுதல் காலம் எப்படிக் கழிந்தது என்பது அங்கு மையக்கேள்வி ஆகிறது. அவ்வாய்வினர் வாழ்க்கைத்தரத்தையும் அளந்து, மாத்திரை அதைப் பெரிதும் குலைக்கவில்லை என்று காட்டினர்.

6. சொல்லில் தங்கிய சிக்கல்கள்

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னும் சில சிக்கல்கள் சொல்லளவிலேயே தங்கியுள்ளன. முதற்சிக்கல் ‘வாழ்க்கைத்தரம்’ என்னும் சொல்லே. ஆங்கிலத்தில் வருவாயும் வசதியும் குறித்த தரத்துக்கு ஒரு தொடர். நல்வாழ்வு குறித்த தரத்துக்கு வேறொரு தொடர். தமிழில் நாளிதழும் பாடநூலும் இரண்டையும் ‘வாழ்க்கைத்தரம்’ என்றே வழங்குகின்றன. “உங்கள் வாழ்க்கைத்தரம் எப்படி?” என்று கேட்டால், தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வாழும் ஒருவர் தம் வருமானத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணுவது இயல்பு. இங்குப் பிழை நோயாளியினுடையதன்று, கலைச்சொல்லினுடையது.

இரண்டாவது, எடுத்துக்காட்டுகள். கனமான கடைப்பையையோ பெட்டியையோ தூக்குவதில் சிரமமா என்பது சி30 வினாத்தாளின் முதல் வினா. குழாயடியிலிருந்து குடம் சுமந்து மாடியேறும் பெண்ணுக்கு அவ்வினா எட்டுவது குடத்தின் வழியாகத்தான். உணர்வு பற்றிய வினாக்கள் இன்னும் நுட்பமானவை. இறுக்கம், கவலை, எரிச்சல், மனச்சோர்வு என்று நான்காகப் பிரித்துக் கேட்கப்படுவதைத் தமிழ்ப்பேச்சு வழக்கில் ‘மனசு சரியில்லை’ என்ற ஒரே தொடர் ஏந்திக் கொள்ளும். கதிர்வீச்சைக் ‘கரண்டு வைப்பது’ என்றே பலர் அறிவர். ஏட்டுத் தமிழில் அமைந்த வினா, படித்தவரிடம் ஒரு விடையையும் பேச்சுத் தமிழ் மட்டும் அறிந்தவரிடம் வேறு விடையையும் பெறக்கூடும். இருவழக்கு மொழியில் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியிலும் எந்தத் தமிழ் என்று முடிவெடுக்க வேண்டியவராகிறார்.

மூன்றாவது சிக்கல் மூளைக்கட்டிக்கே உரியது. தகுந்த சொல் கிடைப்பதில் சிரமம் உண்டா, நினைப்பதைச் சொல்ல முடிகிறதா என்று பிஎன்20 கேட்கிறது. அச்சிரமம் மிகுதியாக உள்ளவரால் அந்த வினாவைப் படிக்கவும் விடையளிக்கவும் முடியாது. எந்தக் குறையை அளக்க வந்தோமோ அக்குறையே அளவியை முடக்குகிறது. விளைவாக, மிக நலிந்தவர்கள் ஆய்விலிருந்து விலகிவிட, எஞ்சியோரின் மதிப்புகள் உண்மையைவிட உயர்ந்து தோன்றுகின்றன. குடும்பத்தாரை விடையளிக்கச் சொல்வது ஒரு மாற்று. ஆனால் நோயாளியின் அறிவாற்றல் நலிய நலிய அவர் விடையும் உறவினர் விடையும் விலகிச் செல்கின்றன. பதிலாள் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் பதிலாளின் நம்பகம் குறைகிறது.

நான்காவது, மும்பைத் தமிழர் போன்றோருக்கு உரியது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளரும் தமிழ்க்குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ பயில்கிறது. மூளை பாதிக்கப்பட்ட பன்மொழியாளரின் மொழிகள் ஒரே சீராகக் குலைவதில்லை, ஒரே சீராக மீள்வதுமில்லை என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். முதலில் கற்ற மொழியே நிலைக்கும் என்றார் ரிபோ. நோய்க்கு முன் மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்றார் பித்ரே, 1895-இல். எந்த விதியும் எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதே பின்வந்த ஆய்வுகளின் முடிவு. அவ்வாறாயின், சிகிச்சைக்கு முன் இந்தியிலும் இரண்டாண்டு கழித்துத் தமிழிலும் சோதிக்கப்பட்ட குழந்தையின் மதிப்பெண் குறைந்தால், குறைந்தது அறிவாற்றலா, மாறியது மொழி மட்டுமா? நோயாளியின் தாய்மொழி என்ற ஒரு கட்டம் பதிவேட்டில் இருந்தால் போதாது. எந்த மொழியில் கேட்டோம் என்பதும், மறுமுறையும் அதே மொழியில் கேட்டோமா என்பதும் பதிவாக வேண்டும். இதற்குக் கூடுதல் செலவில்லை.

7. பிழைப்பு

‘மீண்டவர்’ என்பது கட்டுரைத் தமிழ். மக்கள் வழக்கில் சொல்வது ‘பிழைச்சுக்கிட்டார்’ என்பதே. பிழைத்தல் என்ற வினைக்குத் தமிழில் உயிர் தப்புதல் என்றும் பொருள். தொழில் செய்து வாழ்தல் என்றும் பொருள். ‘பிழைப்பு’ என்றால் வாழ்வாதாரம். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் ‘பிழைக்க வந்தவர்கள்’ என்றே தம்மைச் சொல்லிக் கொண்டார்கள். உயிர் தப்புவதையும் உழைத்து வாழ்வதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிக்கு, உயிர் தப்பியும் உழைக்க இயலாத நிலை அரைகுறைப் பிழைத்தல்தான். மேலையாய்வுகள் ‘வேலைக்குத் திரும்புதல்’ என்று ஒரு தனிக் கட்டமாகப் பின்னால் சேர்த்தது, தமிழ்ச் சொல்லின் வேருக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே இனிவரும் ஆய்வு அளக்க வேண்டியவற்றுள் பிழைப்பு முன்னிற்க வேண்டும். எத்தனை பேர் பள்ளிக்குத் திரும்பினர், எந்த வகுப்பில் நின்றனர், எத்தனை பேருக்கு ஊதியம் தரும் வேலை அமைந்தது என்பவை நுண்ணறிவு ஈவைப் போலவே எண்ணத்தக்கவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மூளைக்கட்டியிலிருந்து மீண்டவரின் மெதுவான சிந்தனையும் குறைந்த நினைவாற்றலும் வெளியே தெரிவதில்லை. கைகால் ஊனம் போலக் கண்ணால் கண்டு சான்றளிக்க முடியாத அக்குறைக்கு, முறையான சோதனை அறிக்கையே தேர்வுக் கூடத்திலும் வேலையிலும் சலுகை கேட்பதற்குரிய ஆதாரம். வாழ்க்கைத்தர ஆய்வு மருத்துவ இதழுக்கு மட்டும் பயன்படுவதன்று என்பதற்கு இதுவே காரணம்.

இன்று இவ்வரலாறு பரேலைத் தாண்டிப் பரவியுள்ளது. துல்லியமுறையை நிறுவிய ஜலாலி பின்னர் சென்னைக்குச் சென்று, 2019-இல் தரமணியில் திறக்கப்பட்ட புரோட்டான் சிகிச்சை மையத்தில் பொறுப்பேற்றார். டாட்டா நினைவு மையத்தின் நவி மும்பை வளாகமான கார்கரிலும் புரோட்டான் சிகிச்சை 2023-இல் தொடங்கியது. நல்ல திசுவுக்கு இன்னும் குறைந்த கதிர் என்பது புரோட்டானின் வாக்குறுதி. அவ்வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்பதை, முன்போலவே, பல்லாண்டு பின்தொடர்ந்து அளந்தால்தான் அறிய முடியும்.

தானேயையும் வாஷியையும் இணைக்கும் ரயில்தடத்தில் உள்ள ஊர் ஐரோலி. ஒரு பக்கம் 1941-இல் திறந்த மருத்துவமனை. மறுபக்கம் 2023-இல் தொடங்கிய சிகிச்சை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான் மீண்டவர்கள் வாடகை வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குச் சென்று வாழ்கிறார்கள். 54 கிரேயை 30 தவணையாகப் பிரிக்கும் கணக்கு இயற்பியலாருடையது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்று கேட்கும் வேலை, மருத்துவரோடு உளவியலாரும் சமூகவியலாரும் மொழியியலாரும் சேர்ந்து செய்ய வேண்டியது. சென்னையில் 1991-இல் தமிழில் கேள்வி கேட்டுத் தொடங்கிய பணி அது. மும்பையின் தமிழ்க் குழந்தைகளிடம் அதே கேள்வியை அவர்கள் விடைசொல்லக்கூடிய மொழியில் கேட்டுப் பதிவு செய்வது இன்றைய ஆய்வு மாணவர்கள் எடுத்துக் கொள்ளத்தக்க வேலை.